கால் வச்ச எழுத்து

மரக்காணம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, மருந்துக்கடைக்கும் சைக்கிள் கடைக்கும் நடுவில் கலையரசனின் டி.டி.பி. கடை. பத்தடிக்கு எட்டடி இடம். இரண்டு கம்ப்யூட்டரும் ஸ்கேனரும் ஜெராக்ஸ் மெஷினும் போக மிச்சமிருந்த மூலையில் சகாயசெல்வி உட்கார்ந்திருப்பாள். உப்புக்காற்றில் கம்ப்யூட்டரின் திருகாணிகள் ஆறே மாதத்தில் துருப்பிடித்துவிடும். அதனால் சாயந்திரம் கிளம்பும்போது இரண்டையும் பழைய போர்வையால் மூடிவிட்டுத்தான் போவாள்.

2004இல் அவளுக்கு இருபத்தொன்பது வயது. அப்பா இல்லை. அம்மா உப்பு வாரப் போகிறவர். செல்வி ப்ளஸ் டூ முடித்து, டைப்ரைட்டிங் கற்று, திண்டிவனத்தில் ஆறு மாதம் டி.டி.பி. படித்துவிட்டு வந்து உட்கார்ந்த நாற்காலி அது; எட்டு வருடமாகிவிட்டது. கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, கண்ணீர் அஞ்சலி எல்லாம் அவள் கையால்தான் போகும். ஊரில் யார் வீட்டில் எந்தத் தேதியில் என்ன என்பது அவளுக்குத்தான் முதலில் தெரியும். ஆனால் யாரிடமும் சொல்லமாட்டாள். பேச்சு குறைவு. ஒருவர் பெயரைத் தப்பாக அடித்துவிட்டால் மட்டும் அன்றைக்கு அவளுக்குச் சாப்பாடு இறங்காது.

ஆடி மாதக் கடைசியில் பச்சமுத்து வந்தார். உப்பளத்தில் வேலை பார்க்கிறவர். மகள் பிரியதர்ஷினிக்கு ஆவணியில் கல்யாணம். கையில் ஒரு பெரிய பத்திரிகை வைத்திருந்தார். அவருடைய உப்பள முதலாளி வீட்டுக் கல்யாணத்துக்குச் சென்னையில் அடித்தது. அதில் இங்கிலீஷ் பக்கத்தை விரித்து, மணப்பெண்ணின் பெயரைக் காட்டினார்.

“பாப்பா, எம் பொண்ணு பேரு இந்த எழுத்துல வேணும்.”

“இது இங்கிலீஷ் எழுத்துங்க. தமிழ்ல இந்த மாதிரி கிடையாது.”

“எழுத்து எழுத்துதானேம்மா. நான் என்னா இங்கிலீஷா கேக்கறேன்? தமிழ்லயே போடு. ஆனா இப்படி நிக்கணும்.”

“எப்படி நிக்கணும்?”

பச்சமுத்துவுக்கு எந்த எழுத்தும் படிக்கத் தெரியாது. ஆனால் உற்றுப் பார்க்கத் தெரியும். ஒவ்வொரு எழுத்தின் அடியிலும் விரலை வைத்துக் காட்டினார். கோடு முடிகிற இடத்தில் குறுக்கே ஒரு சின்னப் பட்டை, பாதம் மாதிரி. மேலே கொடிபோல் ஒரு சுருள்.

“தோ பாரு, ஒவ்வொண்ணும் காலை ஊணி நிக்குது. நம்ம எழுத்தெல்லாம் உருண்டு ஓடுது.”

கலையரசன் சிரித்துவிட்டார். “ஏம்பா பச்சமுத்து, கம்ப்யூட்டர்ல இல்லாத எழுத்தை நான் எங்கேருந்து கொண்டாறது? நல்லா ரோஜாப்பூ படம் ஒண்ணு போட்டுத் தர்றேன், போ.”

“பூ வேணாம்பா. எங்க வூட்டுல மொதல்ல பேரு எழுதக் கத்துக்கிட்டவ அவதான். அந்தப் பேரு நல்லா நிக்கணும்.”

செல்வி அந்தப் பத்திரிகையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, “ஒரு வாரம் கழிச்சு வாங்க” என்றாள். கலையரசன் அவளைத் திரும்பிப் பார்த்தார். அவர் பெருமுக்கல் பக்கத்து விவசாயக் குடும்பத்துக்காரர்; எதற்கும் அவசரப்பட மாட்டார்.

அவள் கட்டம் போட்ட கணக்கு நோட்டில் பென்சிலால் வரைந்தாள். இங்கிலீஷ் எழுத்துகள் எல்லாம் தரையில் நிற்கின்றன. தமிழில் ‘ப’ தரையில் உட்கார்ந்திருக்கிறது, ‘த’ வாலைத் தொங்கவிட்டிருக்கிறது, ‘ய’ இரண்டு கையையும் தூக்கிக்கொண்டிருக்கிறது. எல்லாவற்றுக்கும் அடியில் பட்டை வைத்துப் பார்த்தாள். எல்லாம் ஸ்டூல் மேல் ஏறி நிற்பதுபோல் இருந்தது. அழித்தாள். மூன்றாம் நாள்தான் விஷயம் பிடிபட்டது. அடியில் வைக்கக்கூடாது; பேனா நின்று மூச்சு விடுகிற இடத்தில் வைக்கவேண்டும். ‘ர’வுக்கு அது கீழே வந்தது. ‘ய’வுக்கு மேலே வந்தது. மேலே அந்தக் கொடிச் சுருளையும் சேர்த்தாள். புள்ளியை வட்டமாக வைக்காமல் சாய்ந்த சதுரமாக வைத்தாள். கலையரசன் எட்டிப் பார்த்து, “உப்புக்கல்லு மாதிரி இருக்குது” என்றார்.

வரைந்ததை ஸ்கேன் செய்து, ஓரங்களை மவுஸால் திருத்தி, எழுத்துரு செய்கிற மென்பொருள் ஒன்றில் ஒவ்வொன்றாக ஏற்றினாள். பெயர் என்ன என்று மென்பொருள் கேட்டது. ‘பிரியா-1’ என்று அடித்தாள்.

மாப்பிள்ளை பெயர் பலராமன். அதையும் அதே எழுத்தில் போட்டு, டிரேசிங் தாளில் பிரதி எடுத்து, வழக்கம்போல் பாண்டிச்சேரி அச்சகத்துக்குப் பஸ்ஸில் கொடுத்தனுப்பினாள். மறுநாள் காலை கடையில் போன் அடித்தது.

“நான் பிரஸ்லேருந்து கௌதமன் பேசறேங்க. அச்சுக்கு பிளேட் போடறவன். மாப்பிள்ளை பேரு இன்னாங்க?”

“பலராமன்.”

“இங்க பலரரமன்னு இருக்குதுங்க.”

செல்வி நோட்டை எடுத்துப் பார்த்தாள். ரகரத்துக்குப் பக்கத்தில் வருகிற துணைக்காலின் அடியிலும் அவள் பாதம் வைத்திருந்தாள். வைத்ததும் அது இன்னொரு ரகரம் ஆகிவிட்டது. அனுப்பும் முன்பு அந்தப் பத்திரிகையைப் பத்துப் பேர் பார்த்திருந்தார்கள். ஒருவர் கண்ணிலும் பட்டிருக்கவில்லை.

“காலுக்கு மட்டும் கால் வைக்கக் கூடாதுங்க” என்றான் கௌதமன், சிரிக்காமல். “மத்தபடி எழுத்து ரொம்ப நல்லா இருக்குது. எந்த சிடியில இருக்குது இது?”

“சிடியில இல்ல. நான் வரைஞ்சது.”

அந்தப் பக்கம் மெஷினை நிறுத்துகிற சத்தம் கேட்டது. “நெசமாவா?” என்றான்.

துணைக்காலைத் திருத்தி அச்சடித்த பத்திரிகை வந்ததும் பச்சமுத்து முதலாளி வீட்டுப் பத்திரிகையையும் மகள் பத்திரிகையையும் மேசைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். ரொம்ப நேரம் பார்த்தார். “நிக்குது” என்றார். அவ்வளவுதான். துண்டால் கையைத் துடைத்துக்கொண்டு பத்திரிகைக் கட்டைத் தூக்கிக்கொண்டு போனார்.

அதற்குப் பிறகு யார் பத்திரிகை அடிக்க வந்தாலும், “அந்தக் கால் வச்ச எழுத்துல போடும்மா” என்றார்கள். ஆனால் பிரியதர்ஷினியையும் பலராமனையும் எழுதுகிற அளவுக்குத்தான் எழுத்து இருந்தது. புதுப் பெயர் வரும்போது புது எழுத்து வரைந்தாள். இருசப்பன் என்று ஒருவர் வந்ததால் ‘இ’ வந்தது. கொளஞ்சி வீட்டுக் காதுகுத்தில் ‘ஞ’ வந்தது. நானும் இந்த ஊர்தான்; என் தங்கை பெயர் அருள்மொழி. எங்களால்தான் அந்த எழுத்துக்கு ‘ழி’ கிடைத்தது என்று எங்கள் வீட்டில் இன்றும் பெருமையாகச் சொல்லிக்கொள்வோம். ஊர்க்காரர்களின் பெயர்களாலேயே அது ஒவ்வொன்றாக வளர்ந்தது. கௌதமன் வாரத்துக்கு இரண்டு முறை போன் செய்வான். “சுருள் ரொம்ப மெலிசா இருக்குதுங்க, அச்சுல அறுந்துடுது” என்பான். அவள் தடிமனாக்கி அனுப்புவாள். இருவரும் எழுத்தைத் தவிர வேறு எதையும் பேசியதில்லை.

மார்கழி பிறக்கும் முன்பு எக்கியார்குப்பத்திலிருந்து செல்லம்மாள் என்கிற மீன்காரப் பெண்மணி தன் மகளோடு வந்தார். மகள் பெயர் ஜெயக்கொடி. இருபது வயது. தை மாதம் கல்யாணம். பெண்ணே கடைக்கு வருவது அபூர்வம். அவளோ நேராக வந்து செல்விக்குப் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொண்டாள்.

“அக்கா, என் பேரு எப்ப வரும்?”

“ஜ இன்னும் வரையலம்மா. ரெண்டு நாளாவும்.”

“இப்பவே வரைங்க. நான் பாக்கறேன்.”

செல்விக்கு யாராவது பார்த்தால் கை ஓடாது. ஆனால் அன்றைக்கு ஓடியது. ஜெயக்கொடி கன்னத்தில் கை வைத்து, மூச்சு விடாமல் பார்த்தாள். முடிந்ததும் தலையைச் சாய்த்தாள்.

“வாலு பத்தல. இன்னும் நீட்டி வுடுங்க.”

“நீட்டினா பக்கத்து எழுத்தை இடிக்கும்.”

“இடிக்கட்டும். யாரு கல்யாணம்? என் கல்யாணம்!”

கடையில் எல்லோரும் சிரித்தார்கள். செல்லம்மாள் மகளின் முதுகில் ஒன்று வைத்தார். செல்வி வாலை நீட்டினாள். இடிக்காமல் அது பக்கத்து எழுத்தின் கீழே நுழைந்து, ‘ய’வை ஏந்திக்கொண்டதுபோல் நின்றது. அவள் வரைந்ததிலேயே அழகான எழுத்து அதுதான். பிழை பார்க்கிற பிரதி ஒன்றை இருபத்து நான்காம் தேதி ஜெயக்கொடி வந்து வாங்கிப் போனாள். மரக்காணத்திலேயே இருந்த மாமன் வீட்டில் காட்டிவிட்டு வருகிறேன் என்று சொன்னாள்.

இருபத்தாறாம் தேதி ஞாயிற்றுக்கிழமை காலை செல்வி மாதா கோயிலில் பூசையில் இருந்தாள். வெளியே ஆட்கள் ஓடுகிற சத்தம் கேட்டது. கடல் உள்ளே வந்துவிட்டது என்றார்கள். அப்படியென்றால் என்ன என்றே யாருக்கும் புரியவில்லை. பிறகு குப்பங்களிலிருந்து லாரிகள் வரத் தொடங்கின.

மறுநாள் காலை கலையரசன் கடையைத் திறந்தார். ஜெராக்ஸுக்கும் பட்டியல்களுக்கும் ஆள் வேண்டியிருந்தது. முகாமில் இருப்பவர்கள் பட்டியல், காணாமல் போனவர்கள் பட்டியல், இறந்தவர்கள் பட்டியல். செல்வி சாதாரண எழுத்தில் அடித்துக்கொண்டே இருந்தாள். இறந்தவர்கள் பட்டியலின் மூன்றாவது தாளில், யாரோ அவசரமாகப் பேனாவால் எழுதியிருந்த வரிசையில், ‘ஜெயகொடி, 20, எக்கியார்குப்பம்’ என்று இருந்தது. கரையில் மீன் கூடையோடு இருந்தவள். செல்வி அந்த வரியில் நின்றுவிட்டாள். பிறகு விடுபட்டிருந்த ‘க்’கைச் சேர்த்து அடித்தாள். கலையரசன் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, “வூட்டுக்குப் போறியாம்மா?” என்று கேட்டார். அவள் வேண்டாம் என்று தலையை ஆட்டிவிட்டு அடுத்த பெயரை அடித்தாள்.

காரியத்துக்கு முன்பு செல்லம்மாள் வந்தார். கூட ஒரு இளைஞன் வந்து வாசலில் சைக்கிளைப் பிடித்தபடியே நின்றான், உள்ளே வரவில்லை. அவன்தான் மாப்பிள்ளை. செல்லம்மாள் மடியிலிருந்து ஒரு தாளை எடுத்து மேசைமேல் விரித்தார். அந்தப் பிழை பார்க்கிற பிரதி. மாமன் வீட்டில் இருந்ததால் அது தப்பித்திருந்தது.

“இந்த எழுத்துல அவ பேரு போடு பாப்பா. அஞ்சலி நோட்டீசு.”

கலையரசன் மெதுவாகச் சொன்னார். “அது கல்யாண எழுத்தும்மா. வேற நல்லதா போட்டுத் தர்றோம்.”

“அவ கேட்டு வாங்குன எழுத்துபா அது. உக்காந்து வரைய வச்சா. வேற எழுத்துல போட்டா அது வேற யாரோ.”

செல்வி பெயரைப் போட்டுப் பார்த்தாள். மேலே புகைப்படத்துக்கான கறுப்புக் கட்டம். கீழே அந்தச் சுருள்கள். அவை சிரித்துக்கொண்டிருந்தன. அவளால் பார்க்க முடியவில்லை.

“ஆயிரம் வேலையில வந்திருக்கீங்க. கொஞ்சம் நேரமாவும், பரவால்லையாம்மா?”

“எனக்கென்னா வேலை” என்றார் செல்லம்மாள்.

செல்வி ஒவ்வொரு எழுத்தாகத் திறந்தாள். சுருளை மட்டும் எடுத்தாள். எடுத்த இடம் மொட்டையாகத் தெரிந்தது. அங்கே கோட்டைக் கொஞ்சம் மெலிய விட்டு முடித்தாள். பாதங்களைத் தொடவில்லை. ‘ய’, ‘க’, ‘ட’ என்று வரிசையாக அமைதியாயின. கடைசியில் ‘ஜ’ வந்தது. அந்த நீண்ட வாலும் அலங்காரம்தான். முறைப்படி அதையும் வெட்டவேண்டும். அவள் மவுஸை அதன் மேல் கொண்டுபோய் நிறுத்தினாள். பிறகு திரும்பிச் செல்லம்மாளைப் பார்த்தாள்.

“அந்த வாலை மட்டும் வுட்டுடறேம்மா. அது அவ கேட்டது.”

செல்லம்மாள் எழுந்து வந்து ஸ்கிரீனைப் பார்த்தார். அவருக்கும் படிக்கத் தெரியாது. முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டார். பிறகு செல்வியின் தலையில் கை வைத்தார். மீன் கூடை தூக்கித் தூக்கிக் காய்த்துப்போன கை. அது ரொம்ப நேரம் அங்கேயே இருந்தது.

நோட்டீஸ்கள் அச்சாகி வழக்கமாகப் பஸ் கண்டக்டர் கையில்தான் வரும். இந்தக் கட்டைக் கௌதமனே கொண்டுவந்தான். கடைக்குள் வந்து, “நான்தாங்க கௌதமன்” என்றான். ஒல்லியான ஆள், முப்பது வயது இருக்கும், நகக்கண்ணெல்லாம் கறுப்பு மை. “பஸ்ஸுல போட்டு அனுப்ப மனசு வரலிங்க.” அன்று மத்தியானம் அவனும் செல்வியும் கலையரசனும் முகாமுக்குப் போய்ச் செல்லம்மாளிடம் அதைக் கொடுத்துவிட்டு வந்தார்கள்.

அந்த வருடம் சுருள் எடுத்த எழுத்தைத்தான் எல்லோரும் கேட்டார்கள். அஞ்சலி நோட்டீஸ்களுக்கு முதலில். பிறகு புது வீடுகளின் பெயர்ப்பலகைக்கு, பள்ளிக்கூட ஆண்டுவிழா அழைப்புக்கு, உப்புப் பாக்கெட்டுக்கு. 2005 ஆவணியில் கல்யாணங்கள் மறுபடி வந்தன. சிலர் சுருளோடு கேட்டார்கள். சிலர் இதுவே போதும் என்றார்கள். செல்வி இரண்டையும் வைத்திருந்தாள்; ஒரு பிரதியை சிடியில் போட்டுக் கௌதமனுக்கும் கொடுத்திருந்தாள். கௌதமன் இப்போது ஞாயிற்றுக்கிழமைகளிலும் போன் செய்தான். பிரஸ்ஸுக்கு ஞாயிறு விடுமுறை என்பது அவளுக்குத் தெரியும்.

2006 சித்திரையில் ஒருநாள் பாண்டிச்சேரிக்குப் போகும்போது கீழ்புத்துப்பட்டில் பஸ் நின்றது. செல்வி ஜன்னல் வழியே பார்த்தாள். ஒரு ஜவுளிக்கடை பேனர். மஞ்சள் நிறம், சிவப்பு ஓரம், இரண்டு பக்கமும் இழுத்து அகலமாக்கிய எழுத்து. அவளுடைய எழுத்து. ‘ஜவுளி’ என்பதில் அந்த வால் பப்பாளிக்காய் போல் பருத்துத் தொங்கியது.

பிரஸ்ஸுக்குப் போனதும் கௌதமனிடம் கேட்டாள். அவன் முகம் மாறிவிட்டது.

“நான்தாங்க குடுத்தேன். ஃப்ரெண்டு ஒருத்தன் பேனர் போடறான், அழகா இருக்குதேன்னு கேட்டான். அவங்கிட்டேருந்து இத்தனை பேருக்குப் போவும்னு நெனைக்கல.”

“என்னைக் கேட்டீங்களா?”

“கேக்கல. தப்புதாங்க.”

அவள் அடுத்த பஸ்ஸில் ஊர் திரும்பிவிட்டாள். மூன்று வாரம் அவன் போன் செய்தால் அவள் எடுக்கவில்லை. கலையரசன் எடுத்து, “இல்லப்பா, வெளில போயிருக்குது” என்று அவள் எதிரிலேயே பொய் சொல்லிக்கொண்டிருந்தார். எழுத்தைத் திருடியது கூட அவளுக்குப் பெரிதாக இல்லை. அந்த வால் ஜெயக்கொடியுடையது. அதைத் துணி விற்கிறவன் வைத்துக்கொண்டிருக்கிறான். அதுதான் ஆறவில்லை.

செல்லம்மாள் அப்போது மறுபடி மீன் விற்கத் தொடங்கியிருந்தார். வைகாசியில் ஒருநாள் கூடையை வாசலில் இறக்கிவிட்டு உள்ளே வந்தார்.

“பாப்பா, ஒண்ணு கேக்கணும். பாண்டிக்குப் போற வழியில ஒரு துணிக்கடை போர்டு இருக்குது பாரு, மஞ்சக் கலர்ல. அதுல இருக்கறது எம் பொண்ணு வாலுதானே?”

செல்வி பயந்துவிட்டாள். “ஆமாம்மா. கேக்காம எடுத்துட்டாங்க. நான் சொல்லிக் கழட்டச் சொல்றேன்.”

“எதுக்குக் கழட்டணும்?” என்றார் செல்லம்மாள். “கோட்டகுப்பத்துல ஒரு கடையில இருக்குது. ஒரு வேன் மேல இருக்குது. நான் கூடை தூக்கிட்டுப் போற வழியெல்லாம் பாத்துக்கிட்டே போறேன். தோ இங்க ஒண்ணு, அங்க ஒண்ணுன்னு. வூட்டுல இருந்தாலும் சும்மா இருக்கமாட்டா அவ, ஊரு சுத்தறவ.” அவர் சிரித்தார். ஒன்றரை வருடத்தில் அவர் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன் என்று செல்வி பிற்பாடு சொன்னாள். “கழட்டாதே. இருக்கட்டும்.”

அவர் போன பிறகு செல்வி முகம் கழுவிக்கொண்டு வந்தாள். பிறகு அவளே பிரஸ்ஸுக்குப் போன் செய்தாள்.

“உங்க ஃப்ரெண்டுகிட்ட சொல்லுங்க” என்றாள். “இழுக்காம போடச் சொல்லுங்க. எழுத்தை அகலமா இழுத்தா பாதம் தட்டையாவுது.”

“சொல்றேங்க” என்றான் கௌதமன். பிறகு, “அதுமட்டும்தானா?” என்று கேட்டான்.

“இப்போதைக்கு அதுமட்டும்தான்.”

ஆனால் ஆனி முடிவதற்குள் இரண்டு வீட்டிலும் கல்யாணம் பேசியாகிவிட்டது. மாதா கோயிலா, முருகன் கோயிலா என்று பெரியவர்கள் ஒரு மாதம் தள்ளினார்கள். கடைசியில் கலையரசன் நடுவில் உட்கார்ந்து, பதிவுத் திருமணம், அதற்குப் பிறகு சாப்பாடு, இரண்டு சாமிக்கும் தனித்தனியாக மாலை என்று முடித்துவைத்தார். பத்திரிகையை அவர் செலவில் அடிப்பதாகவும் சொன்னார்.

செல்வி தன் பெயரை ஐந்து நிமிடத்தில் போட்டுவிட்டாள். எல்லா எழுத்தும் இருந்தன. மாப்பிள்ளை பெயரில்தான் நின்றாள். இத்தனை பேர் பெயர்களில் ஒன்றிலும் ‘கௌ’ வந்ததில்லை. இருக்கிற கொம்பையும் ‘க’வையும் ‘ள’வையும் சேர்த்தால் வந்துவிடும், எல்லா இடத்திலும் அப்படித்தான் செய்வார்கள். செய்து பார்த்தாள். ‘ள’ தனி எழுத்தாக நின்று ‘கெளதமன்’ என்று இருந்தது.

அன்று கௌதமன் பத்திரிகைக்காக நேரில் வந்திருந்தான். தோளுக்குப் பின்னால் நின்று பார்த்தான்.

“வுடுங்க. முப்பத்தொரு வருஷமா எல்லாரும் எனக்கு அப்படித்தான் போடறாங்க. ரேஷன் கார்டுலேருந்து மார்க் ஷீட் வரைக்கும் கெளதமன்தான்.”

“பிளேட் போடறவரு பேரே தப்பா இருக்கலாமா?”

அவள் நோட்டை எடுத்தாள். ‘க’வுக்கு அப்புறம் வருகிற அந்த உறுப்பைத் தனியாக வரைந்தாள். ‘ள’வைவிடச் சின்னதாக, தோளளவு உயரத்தில், ‘க’வை விட்டு விலகாமல் ஒட்டி நிற்பதாக. அதற்குப் பாதம் வைக்கவில்லை. ‘க’வின் பாதத்திலேயே அதுவும் நின்றது. மூன்று முறை அழித்தாள். நான்காவது முறை சரியாக வந்தது. ஸ்கேன் செய்து, ஏற்றி, டிரேசிங் தாளில் பிரதி எடுத்துக் கொடுத்தாள்.

கௌதமன் தாளை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தான். பிளேட் போடுகிறவன் பார்வையோடுதான் முதலில் பார்த்தான். கோடு அறுந்திருக்கிறதா, சதுரப் புள்ளி அடைத்திருக்கிறதா என்று. பிறகு வேறு மாதிரி பார்த்தான். வாய்க்குள் ஒரு முறை தன் பெயரைப் படித்தான்.

“சரியா இருக்குதா?” என்று கேட்டாள் செல்வி.

“இருக்குது” என்றான். “சரியாத்தான் இருக்குது.”

ஐந்து மணி பாண்டிச்சேரி பஸ்ஸில் நிறைய இடம் இருந்தது. உட்கார்ந்தால் தாள் மடங்கிவிடும் என்று, அதை இரண்டு அட்டைகளுக்கு நடுவில் வைத்து நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, காலாப்பட்டு தாண்டும் வரை அவன் நின்றுகொண்டே போனான்.